வெண்ணெய் நிற வாத்து

என் அக்கா பொய் பேச மாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரு வருஷமாக என் முகத்துக்கு நேராக ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் துவைக்கிற வெள்ளைத் துணியெல்லாம் மஞ்சளாக வருகிறதாம். நான் சலவைக் கடை நடத்துகிறவள். கீழே கடை, மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக எங்கள் வீடு. ஓட்டல்காரர்களும் மருத்துவமனைக்காரர்களும் என் வெள்ளையை நம்பி மூட்டை மூட்டையாகத் துணியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கூடப் பிறந்தவள் மட்டும் தலையணை உறையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என்னடி இது, டீயில முக்கி எடுத்த மாதிரி இருக்கு?" என்பாள். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் துணியோடு சேர்த்து ஆளையும் வெளியே அனுப்பியிருப்பேன். ஆனால் நிறத்தைப் பற்றி அக்காவிடம் யாரும் வாய் திறக்க முடியாது. அவள் வேலையே அதுதான். பல் டாக்டர்களுக்குப் பீங்கானில் பல் செய்து கொடுக்கிற கூடம் ஒன்றில், சூளையில் வெந்து வந்த வெறும் பல்லுக்குத் தூரிகையால் நிறம் ஏற்றுகிறவள் அவள். தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்றுதான் பெயர். உங்கள் பக்கத்துப் பல்லின் நுனியில் லேசாகச் சாம்பல் ஓடினால், புதுப் பல்லிலும் அது ஓட வேண்டும். ஓடாவிட்டால் நீங்கள் சிரிக்கும்போது ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் நான் வாயை மூடிக்கொண்டு, அவள் துணிக்கு மட்டும் சலவை நீலம் ஒரு மூடி கூடுதலாக ஊற்ற ஆரம்பித்தேன். அப்போதும் மஞ்சள் என்றாள். இரண்டு மூடி ஊற்றினேன். அப்போதும் அதே பல்லவி.

வாத்துக்கு வருகிறேன்.

அக்கா வேலை செய்கிற கூடத்துக்குப் பின்னால் ஒரு பூங்கா. அதில் ஓர் ஏரி. படகுத் துறை, டிக்கெட் கூண்டு, நாலைந்து பெஞ்சு, தண்ணீர் நிறைய வாத்து. மதிய இடைவேளையில் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி சாப்பிடுவது அவள் வழக்கம். ஒரு நாள் பச்சைத் தலை வாத்துகளுக்கு நடுவே ஒன்று மட்டும் கழுத்தில் வெள்ளைத் துண்டு கட்டியதுபோல நின்றிருக்கிறது. தலை பச்சைதான், வால் நுனியில் அதே சுருட்டை முடிதான். ஆனால் மார்பு வெள்ளை, உடம்பு கொஞ்சம் தடிமன். இது என்ன வாத்து? சாப்பாடு ஆறிப்போயிற்று. பக்கத்துப் பெஞ்சில் ஷிஃப்ட் முடிந்து உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர்தான் சொல்லியிருக்கிறார், அப்பா பண்ணை வாத்து, அம்மா காட்டு வாத்து, பிள்ளை இப்படி என்று. அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு வாத்துப் பைத்தியம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு கிடையாது, ஏரிதான். அக்கா, டிரைவர், ஓய்வுபெற்ற ஒரு நீச்சல் டீச்சர், இவர்களைத் திட்டிக்கொண்டே பின்னால் போகிற நான். ஏரிக்கு வருகிற, யாருக்கும் பெயர் தெரியாத விசித்திர வாத்துகளை இன்னது என்று கண்டுபிடிப்பதுதான் இவர்களுக்கு வேலை. யாரோ வீட்டில் வளர்த்து அலுத்துப்போய் இருட்டில் கொண்டுவந்து விட்ட வாத்து, கூண்டிலிருந்து தப்பித்து வந்த அலங்கார வாத்து, மூன்று தலைமுறைக் கலப்பில் அம்மாவும் தெரியாமல் அப்பாவும் தெரியாமல் பிறந்த வாத்து. கண்டுபிடிக்கும்வரை அவற்றுக்குப் பட்டப் பெயர். மார்பில் வெள்ளை இருந்தவர் 'டை கட்டினவர்'. தலையில் பஞ்சு உருண்டை போல முடி வைத்திருந்தவள் 'கொண்டைக்காரி'.

நானும் சும்மா இருக்க முடியாமல் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். கோடையில் ஒரு நாள் போனால் ஏரியில் ஓர் ஆண் வாத்துகூட இல்லை, எல்லாம் பழுப்புப் பெண் வாத்துகள். "ஆம்பளைங்க எல்லாரும் எங்க போனாங்க?" என்று கேட்டேன். டீச்சர் சிரித்தார்.

"இங்கதான் இருக்காங்க. இறகு உதிர்ற காலம், பச்சைச் சட்டையைக் கழட்டிட்டாங்க. மூக்கைப் பாருங்க. மஞ்சள் மூக்குன்னா ஆம்பளை. சட்டையை மாத்தலாம், மூக்கை மாத்த முடியாது."

பார்த்தேன். பாதிக்குப் பாதி மஞ்சள் மூக்கு. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. புது வாத்து வந்தால் முதலில் வெறும் கண்ணால் பார்த்து, என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. அதன் பிறகுதான் தொலைநோக்கி, அதற்கும் பிறகுதான் செல்போன் படம். படத்தை முதலில் பார்த்துவிட்டால் படத்தில் இருப்பதெல்லாம் வாத்திலும் தெரிய ஆரம்பித்துவிடும் என்பது டீச்சர் கட்சி. எல்லோரும் ஒத்துக்கொண்டால், டிக்கெட் கூண்டுச் சுவரில் தொங்கும் கரும்பலகையில் அந்த வார வாத்தைச் சாக்பீஸால் எழுதுவார்கள். ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பலகை காலிதான்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு வேலையில் நேரம் சரியில்லை. அவள் நிறம் ஏற்றிய பல் திரும்பி வந்தது. முப்பது வருஷத்தில் வராத பல். வங்கி கவுண்டரில் உட்காருகிற ஒரு பெண்ணின் முன் பல், பக்கத்துப் பல்லைவிட மஞ்சளாக இருக்கிறது என்று டாக்டர் திருப்பி அனுப்பியிருந்தார். அக்கா மறுபடி செய்தாள். அதுவும் திரும்பியது. முதலாளி வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொண்ணு இப்படித் திரும்பி வந்தா, கலர் மேஜையை வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியிருக்கும். டாக்டருங்க போயிட்டா நம்ம கூடமே இல்ல."

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். கூடத்தில் விளக்கு சரியில்லையாம். டாக்டர் எடுத்த அளவு சரியில்லையாம். நிறம் ஒப்பிடுகிற மாதிரிப் பல் பட்டிகூடப் பழசாகிவிட்டதாம். "எல்லாம் மஞ்சளா கெடக்கு. இதுல நான் எப்படி வேலை பார்க்கிறது?" என்றாள். கலர் மேஜையை எடுத்துவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம் என்று எனக்குத் தெரியும். பிளாஸ்டர் கரைத்து அச்சு வார்க்கிற மேஜைதான். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் நிற்கிற இடம் அது. ஆனாலும் அவள் கண்ணை நான் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வாத்து வந்தது.

பச்சைத் தலை வாத்துகளோடு ஒட்டியும் ஒட்டாமலும் நீந்திக்கொண்டிருந்தது. அளவு அவற்றின் அளவுதான். கழுத்து, மூக்கு, உட்காரும் வாகு எல்லாம் காட்டு வாத்துதான். ஆனால் உடம்பு முழுக்க ஒரே நிறம், ஒரு புள்ளி கிடையாது. வளர்ப்பவர்கள் காலில் மாட்டுகிற வளையமும் இல்லை. நாலு பேரும் கரையில் வரிசையாக நின்றோம்.

டிரைவர் முதலில் சொன்னார். "வெள்ளை. சுத்த வெள்ளை. பண்ணை வாத்துல சின்ன ரகம். யாரோ கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாங்க."

டீச்சர், "வெள்ளை. ஆனா பண்ணை வாத்துக்குப் பின்பக்கம் தொங்கும். இதுக்குத் தொங்கல. கலப்பா இருக்கலாம்" என்றார்.

என் முறை வந்தது. "வெள்ளை. அவ்வளவுதான் தெரியுது" என்றேன்.

கடைசியில் அக்காவின் முறை. அவள் முகத்தில் நான் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு சந்தோஷம். "உங்களுக்கெல்லாம் கண்ணு எங்க இருக்கு? அது வெள்ளையே இல்ல. வெண்ணெய் நிறம். பண்ணை வாத்துன்னா பளிச்சுனு இருக்கும். இது காட்டு வாத்து. பிறக்கும்போதே சாயம் வெளுத்துப் பிறந்திருக்கு. சாயம் முழுசா போகாம கொஞ்சம் தங்கியிருக்கு, அதான் வெண்ணெய் நிறம். இந்த மாதிரி ஒண்ணு வருஷக்கணக்கா காத்துக் கிடந்தாலும் கிடைக்காது!"

"அக்கா, அது வெள்ளைதான் அக்கா" என்றார் டிரைவர்.

"தம்பி, நான் நிறத்தைப் பார்த்துத்தான் சோறு திங்கறேன்."

தொலைநோக்கியில் பார்த்தார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு, "இதுலயும் வெண்ணெய்தான்" என்றாள். பறந்து காட்டினால் பாதி சண்டை தீரும். பருத்த பண்ணை வாத்துக்குப் பறக்க வராது, காட்டு வாத்தோ தண்ணீரிலிருந்து நேராக எழும்பும். ஆனால் அந்த மகராசி பறப்பதாக இல்லை. பிள்ளைகள் வீசுகிற தீனியைத் தின்றுகொண்டு படகுத் துறையையே சுற்றிக்கொண்டிருந்தது. பலகை காலி. அடுத்த ஞாயிறும் காலி. அதற்கடுத்த ஞாயிறு டிரைவரும் அக்காவும் பேச்சுவார்த்தையே இல்லாமல் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நானும் டீச்சரும். ஒரு வாத்துக்காக வளர்ந்த மனுஷர்கள் இப்படியா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். "நான் நிரூபிக்கிறேன்" என்றாள். எப்படி என்று கேட்டால் சொல்லவில்லை.

அடுத்த வாரம் படகுத் துறையில் நின்று கைப்பையைத் திறந்து எதையோ எடுத்தாள். பார்த்தால் பல். கூடத்தில் நிறம் ஒப்பிட வைத்திருக்கிற பட்டி. கம்பிக் காம்புகளில் வரிசையாகப் பொய்ப் பற்கள், முதல் பல் தூய வெள்ளை, போகப்போகப் பழுப்பு. எனக்கு எங்கே ஓடி ஒளிவது என்று தெரியவில்லை. படகுக்கு டிக்கெட் வாங்க நின்றவர்கள் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள்.

"அக்கா, மானம் போகுது. உள்ள வை."

"சும்மா இருடி."

பட்டியை ஏரித் தண்ணீரில் முக்கினாள். பல் ஈரமாக இருந்தால்தான் நிறம் சரியாகத் தெரியும், காய்ந்தால் அசலைவிட வெளுத்துத் தெரியும் என்றாள். வாத்தும் ஈரம், பல்லும் ஈரம், சரியான போட்டி. டீச்சர் தீனியைத் தூவினார். வாத்து கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அக்கா கையை நீட்டிப் பட்டியை அதன் முதுகுக்கு நேராகப் பிடித்தாள். சில நொடி பார்ப்பாள், பிறகு கண்ணை எடுத்துச் சாம்பல் நிறத் தண்ணீரை வெறிப்பாள், மறுபடி பார்ப்பாள். ரொம்ப நேரம் ஒரே இடத்தைப் பார்த்தால் கண் ஏமாற்றிவிடுமாம். வேலையில் அவள் இப்படித்தான் செய்வாளாம். நான் முதல் முறையாகப் பார்த்தேன். கோபத்தை மறந்து வேடிக்கை பார்த்தேன் என்பதே உண்மை.

வெண்ணெய் நிறப் பற்கள் பட்டியின் நடுவில் இருந்தன. அக்கா அங்கேதான் ஆரம்பித்தாள். சேரவில்லை. அதற்கு முந்தைய பல். சேரவில்லை. இன்னும் முந்தையது. கடைசியில் முதல் பல்லில் போய் நின்றாள்.

"இதுதான். அச்சு அசல் இதே நிறம்."

டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு மூன்று வார மௌனத்தைக் கலைத்தார். "அக்கா, அது இருக்கறதுலயே வெள்ளைப் பல்லு. அதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்?"

"இது எங்க வெள்ளையா இருக்கு? பட்டி பழசு, மஞ்சள் ஏறிடுச்சு. நீங்க எல்லாரும் ஏன் இப்படிப் பேசறீங்க? நீ சொல்லுடி. இந்தப் பல்லு மஞ்சளா இல்லையா?"

என்னிடம் நீட்டினாள். பார்த்தேன். பால் வெள்ளை. டீச்சரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தலையணை உறை, சட்டை, ஜன்னல் திரை, கூடத்து விளக்கு, திரும்பி வந்த பல் எல்லாம் ஒரே நேரத்தில் என் தலைக்குள் வந்து நின்றன.

"அக்கா," என்றேன், "அது வெள்ளை."

அவள் என்னை முறைத்தாள். பிறகு அவளுக்கே ஏதோ தோன்றியிருக்க வேண்டும். ஒரு கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு வாத்தைப் பார்த்தாள். கையை மாற்றி வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மறுபடி மாற்றினாள். வாத்து பாட்டுக்குத் தீனி தின்றுகொண்டிருந்தது.

"ஒரே வாத்துதானே அது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒரே வாத்துதான் அக்கா."

"இந்தக் கண்ணுல வெண்ணெய். இந்தக் கண்ணுல டீ."

வேறு யாராவது அந்த இடத்தில் அழுதிருப்பார்கள். இவள் அழவில்லை. கண்ணை மூடி மூடி, வாத்து, பல், டிக்கெட் கூண்டு, என் சேலை, வானம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். "அடேயப்பா," என்றாள், "எத்தனை நாளா இப்படி?"

கண் டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்.

"ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணுல ஜாஸ்தி. உள்ள இருக்கற லென்ஸ் மஞ்சளாயிடுச்சும்மா. கொஞ்சம் கொஞ்சமா ஆகறதால உங்களுக்கே தெரியாது. அறுவை பண்ணிக்கலாம், பயப்படாதீங்க. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வாத்துக்குப் பல்லு ஒத்துப் பார்த்தேன்" என்றாள் அக்கா. டாக்டர் அறுவைக்குத் தேதி குறிக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன், கூடத்தில் வாயைத் திறக்காதே, உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டுச் செய்துகொள்ளலாம் என்று. அவள் கேட்கவில்லை. அந்த வங்கிப் பெண்ணின் பல் மூன்றாவது முறையாக அவள் மேஜைக்கு வந்திருந்தது. நேராக முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே அக்கா."

"எனக்குத் தெரியுமே தம்பி. அந்தப் பொண்ணு வாயைத் திறக்கும்போதெல்லாம் தெரியும்."

முடிவு இதுதான். இரண்டு கண்ணும் ஆறும்வரை அவள் பிளாஸ்டர் மேஜையில் நிற்க வேண்டும். வங்கிப் பெண் தற்காலிகப் பல்லோடு காத்திருக்கச் சம்மதித்துவிட்டாள். அக்கா திரும்பி வந்து அந்தப் பல்லைச் செய்வாள். அதுவும் திரும்பி வந்தால், கலர் மேஜை வேறு ஆளுக்கு.

முதலில் வலது கண். மறுநாள் கட்டைப் பிரித்ததும் அக்கா முதலில் பார்த்தது என்னைத்தான். நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அடிப்பாவி, உனக்கு இவ்வளவு நரையா?"

"பார்க்கறதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலையா உனக்கு?"

"எல்லாம் லேசா நீலமா தெரியுதுடி. சுவரு, டாக்டர் கோட்டு, உன் தலை, எல்லாம்."

மஞ்சளுக்குப் பழகின கண்ணுக்குக் கொஞ்ச நாள் அப்படித்தான் தெரியும், தானே சரியாகிவிடும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் பிள்ளை விளையாட்டு போலாகிவிட்டது. ஒரு கண்ணை மூடுவாள், மறு கண்ணை மூடுவாள். "இந்தப் பக்கம் புது வீடு, இந்தப் பக்கம் பழைய வீடு" என்பாள். பால் பாத்திரத்தைப் பார்ப்பாள், உப்பு டப்பாவைத் திறந்து பார்ப்பாள். மஞ்சள் என்று நினைத்து ஒரு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்த ஒரு சட்டை வெள்ளைச் சட்டை என்று கண்டுபிடித்து அரை நாள் சிரித்தாள். சில வாரம் கழித்து இடது கண்ணும் ஆயிற்று.

நான் என் பங்குக்கு ஒன்று செய்தேன். இரண்டு கண்ணும் தெளிந்து வருகிறவள் என் வெள்ளையைப் பார்த்து அசந்து போக வேண்டும், ஒரு வருஷம் பட்ட பேச்சுக்கெல்லாம் பதில் கிடைக்க வேண்டும் என்று, அவள் தலையணை உறைகளையும் விரிப்பையும் புதிதாகத் துவைத்து, நீலத்தைக் கை தாராளமாக ஊற்றி, கஞ்சி போட்டு, கத்தி மடிப்பாகத் தேய்த்துக் கட்டிலில் விரித்தேன்.

கண்ணில் தூசி படலாம் என்று டாக்டர் சொன்ன நாள் வந்ததும் ஏரிக்குப் போனோம். வாத்து இல்லை.

டிரைவர் எழுந்து நின்றார். "போன ஞாயித்துக்கிழமை போயிடுச்சு அக்கா. நானும் டீச்சரும் பார்த்தோம். தண்ணியில இருந்து நேரா எழும்பிச்சு. ஒரு ஓட்டம் கிடையாது, ஒரு தடுமாற்றம் கிடையாது. மரத்துக்கு மேல ஏறி ஒரு கூட்டத்தோட சேர்ந்துடுச்சு. பண்ணை வாத்து அப்படி எழும்பி நான் பார்த்ததே இல்ல. காட்டு வாத்துதான். நீங்க சொன்னதுதான் சரி."

"நிறம் நீங்க சொன்னதுதானே சரி" என்றாள் அக்கா. இத்தனை பாடுபட்டும் அந்த வாத்தை அதன் நிறத்தில் அவள் பார்க்கவே இல்லை.

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு தாளைப் பிரித்தார். உள்ளே ஓர் இறகு. படகுத் துறைப் படியில் கிடந்ததாம். அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு கண்ணை மூடினாள், மறு கண்ணை மூடினாள். இரண்டிலும் ஒன்றுபோலத் தெரிகிறது என்றாள். பையிலிருந்து பட்டியை எடுத்து முதல் பல்லோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். இந்த முறை நான் மானத்தைப் பற்றிப் பேசவில்லை.

"முதல் பல்லைவிட வெள்ளை," என்றாள். "இந்த நிறத்துக்கு எங்ககிட்ட பல்லே கிடையாது."

டிரைவர் சாக்பீஸை அவளிடம் நீட்டினார். பலகையில் எழுதினாள்: 'காட்டு வாத்து. வெள்ளை. பறந்து போய்விட்டது.'

அந்த வாரமே வங்கிப் பெண் கூடத்துக்கு நேரில் வந்தாள். அக்கா அவளை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, பார்த்து, கண்ணை எடுத்து, மறுபடி பார்த்து நிறம் ஏற்றினாள். அந்த வாத்து இறகு மேஜை விளக்கின் தண்டில் செருகியிருந்ததாம். பல் டாக்டரிடம் போயிற்று. திரும்பி வருகிற பற்களெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பெட்டியில் வரும். அன்று நான் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுக் கூடத்து வாசலில் போய் நின்றேன். பெட்டி வந்தது. முதலாளியே திறந்தார். யார் யாருடைய கடைவாய்ப் பல்லோ இரண்டு இருந்தன. அந்த முன் பல் இல்லை. முதலாளி அக்காவின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கலர் மேஜைக்கு முன்னால் போட்டார்.

நான் துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் அக்கா முகத்தில் சிரிப்பே இல்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள், தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமை முதலாளிகிட்ட சொல்லிடப் போறேன்டி. கலர் மேஜை எனக்கு வேண்டாம்."

"உனக்கென்ன பைத்தியமா? பல்லுதான் திரும்பி வரலையே!"

"அது எப்படியோ தப்பிச்சிருச்சு. கண்ணு சரியாகலடி." அவள் குரல் உடைந்தது. அறுவைக்குப் போனபோதுகூட உடையாத குரல் அது. "மத்ததெல்லாம் தெளிஞ்சிருச்சு. சுவரு வெள்ளை, பாலு வெள்ளை, அந்த இறகு வெள்ளை. ஆனா இந்த உறை மட்டும் இன்னும் நீலமா தெரியுது. தினமும் ராத்திரி பார்க்கறேன், போகவே மாட்டேங்குது. ஒரு வெள்ளை வெள்ளையாவும் இன்னொரு வெள்ளை நீலமாவும் தெரிஞ்சா, அந்தக் கண்ணை நம்பி எப்படிப் பல்லு செய்வேன்?"

"உறைதான் நீலமா இருக்குன்னு உனக்குத் தோணலையா?"

"எப்படித் தோணும்? ஒரு வருஷமா உன் வெள்ளையைக் குறை சொல்லி, கடைசியில என் கண்ணுலதானே கோளாறு? இனிமே உன் வெள்ளையைச் சந்தேகப்படக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்தது. "அது நீலம்தான், அக்கா. நான்தான் ஊத்தினேன். நீ மஞ்சள் மஞ்சள்னு சொன்னியேன்னு உன் துணிக்கு மட்டும் கூட ஊத்துவேன்."

அக்கா என்னைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள். எழுந்து ஜன்னலுக்குப் போய், பழையபடி அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"எத்தனை மூடி?"

"ரெண்டு."

சில நொடி பார்த்தாள். கண்ணை எடுத்து எதிர் வீட்டின் சாம்பல் நிறச் சுவரை வெறித்தாள். மறுபடி உறையைப் பார்த்தாள்.

"ரெண்டு இல்ல. மூணு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். கடைசியாகத் துவைத்த அன்று, அவள் அசந்து போகட்டும் என்று நான் இன்னொரு மூடி ஊற்றியிருந்தேன்.